தமிழும் மலாயும் வந்தவருக்கு ஆங்கிலம் ஏன் வரவில்லை?

கேள்வி கேட்டவர் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, மலாயில் தேறுவதற்கான புகுமுக வகுப்பில் ஓராண்டு, பிறகு 2003இல் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவம் என்று தம் படிப்பைச் சொல்லிவிட்டு, "தமிழ் வருகிறது, மலாய் வருகிறது, ஆங்கிலம் மட்டும் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? மேலாளர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது" என்று எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு பள்ளியில் சேரவிருக்கும் மகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் அவளுக்கும் இதே கதியா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு மொழியைப் பற்றிய கேள்வி. ஆனால் குறை ஆங்கிலத்தில் இருக்கிறதா, தம்மிடம் இருக்கிறதா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. மகளைப் பற்றிய வரியும் அந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான்.

செபராங் பிறையில் இடைநிலைப்பள்ளிகளில் 26 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றேன். இப்போது ஜார்ஜ் டவுனில், வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு எடுக்கிறேன். நான் ஆராய்ச்சியாளர் அல்லள்; ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குக் கற்பித்த அனுபவமும் எனக்கு இல்லை. ஆகவே மகளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும். உங்களைப் பற்றிய பகுதியில் அந்தத் தயக்கம் இல்லை, ஏனென்றால் உங்களைப் போன்றவர்களைத்தான் இத்தனை காலமும் எதிரில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: எல்லாருக்கும் ஒரே அளவில் கடினமான மொழி என்று எதுவும் கிடையாது. ஏற்கெனவே தெரிந்த மொழிக்கும் கற்கவிருக்கும் மொழிக்கும் இடையில் உள்ள தூரமே பெரும்பாலும் கடினமாகத் தெரிகிறது. அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்குப் பிறமொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசும் அந்த அலுவலர்கள் டச்சு, ஸ்பானிஷ் போன்ற மொழிகளில் வேலைக்குப் போதுமான தேர்ச்சி பெற 24 முதல் 30 வாரம் ஆகும் என்பது அவர்களின் கணக்கு. மலாய்க்கு ஏறக்குறைய 36 வாரம், தமிழுக்கு 44 வாரம். முழுநேரமும் அதையே தொழிலாகக் கொண்டு, சிறு குழுவில், சம்பளத்தோடு படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு. அங்கிருந்து இங்கே வர அவ்வளவு தூரம் என்றால் இங்கிருந்து அங்கே போவதும் குறுக்குச் சந்து அன்று. இதைத் தலைகீழாகத் திருப்பி, தமிழருக்கும் ஆங்கிலம் சரியாக 44 வாரம்தான் என்று சொல்லிவிட முடியாது; அந்த அளவைக்கு அப்படிப் பயன்படும் தகுதி இல்லை. தூரம் உண்மையானது என்பதற்கு மட்டும் அது சான்று.

ஆனால் ஆங்கிலம் எல்லாப் பக்கமும் கரடுமுரடான மொழி அன்று. நம் 'எழுது' என்னும் ஒரே வினையைக் காலம், இடம், எண், பால், மதிப்பு என்று பிரித்து அடுக்கினால் கரும்பலகை நிறைந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங் என்று ஐந்தே வடிவங்கள். ஜெர்மன் கற்பவர் மேசைக்கும் கரண்டிக்கும்கூடப் பால் பார்க்க வேண்டும், ரஷ்யமொழி கற்பவர் பெயர்ச்சொல்லை ஆறு வேற்றுமையில் உருமாற்ற வேண்டும். ஆங்கிலம் இவ்விரு சுமைகளையும் பெரும்பாலும் உதறிவிட்டது. 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று ஆள் பார்த்துப் பேசும் சங்கடமும் அதில் இல்லை. அதன் கடினம் சில குறிப்பிட்ட இடங்களில் குவிந்து கிடக்கிறது. தமிழும் மலாயும் சேர்ந்து வளர்த்த ஒருவருக்கு, அந்த இடங்களில் பல, இரண்டு மொழிகளும் ஒருசேரக் கைவிடும் இடங்களாக அமைந்துவிட்டன. உங்கள் கேள்விக்கு என் விடையின் சாரம் அதுதான்.

எழுத்துக்கூட்டலில் தொடங்குகிறேன். என் மாலை வகுப்புக்கு ஒரு பெண்மணி வந்தார். துணிக்கடையில் பணம் வாங்கும் இடத்தில் வேலை. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு குறிப்பில் பணம் பெற்றதற்கான சீட்டை ஆர், இ, எஸ், ஐ, டி என்று ஐந்தெழுத்தில் எழுதியிருக்கிறார். கடை மேற்பார்வையாளர் அதை எல்லாரிடமும் காட்டிச் சிரித்தாராம். அவர் எழுதியது மலாய்ச் சொல். நாள்தோறும் அவர் கிழித்துக் கொடுக்கும் தாளின் தலையில் அச்சாகியிருப்பது அதுதான். ஆங்கிலத்திலோ 'ரிசீட்' என்னும் அதே சொல்லுக்கு ஏழு எழுத்து, நடுவே ஒலிக்காத ஒரு பி. "டீச்சர், அந்த பி எதற்கு?" என்று கேட்டார். எதற்கும் இல்லை என்பதே நேர்மையான பதில். அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்து அதில் இல்லை. பின்னால் வந்த இலத்தீன் படித்தவர்கள், மூலச்சொல்லில் பி இருந்ததே என்று அதை எழுத்தில் மட்டும் திணித்தார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் கிடக்கும் ஒலிக்காத பி எழுத்துக்கும் இதே கதைதான். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இன்னும் வேடிக்கை. அது பழைய ஆங்கிலச் சொல், இலத்தீனோடு அதற்கு உறவே இல்லை; பிரெஞ்சிலிருந்து வந்த 'ஐல்' என்னும் வேறொரு சொல்லில் எஸ் இருப்பதைப் பார்த்து, இதற்கும் இருக்க வேண்டும் என்று தவறாக எண்ணிச் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தவறுதான் இன்றைக்குச் சரி.

இதைவிடப் பெரிய காரணம் காலம். வில்லியம் கேக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்தார். அதன்பின் சொற்களின் எழுத்துவடிவம் சிறிது சிறிதாக உறையத் தொடங்கியது. அதே சமயத்தில், ஏறக்குறைய 1400 முதல் 1700 வரையான காலத்தில், ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் வாய்க்குள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, உச்சரிப்பு போய்க்கொண்டே இருந்தது. குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் முதலில் வரும் கே எழுத்தும், நடுவில் வரும் ஜி, எச் எழுத்துகளும் ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலித்தவை. உயிர்கள் அப்படி இடம்பெயர்ந்தது உறுதி. ஏன் பெயர்ந்தன என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கெழுத்துக் கூட்டம் த்ரூ, தோ, டஃப், காஃப், பவ் என்று சொல்லுக்குச் சொல் வேறொரு ஒலியோடு நிற்பது இந்தக் குழப்பத்தின் எச்சம்.

நம் நிலைமையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972இல் கூடிப் பேசி, மலாய்க்கு ஒலியோடு ஒட்டிய பொது எழுத்துமுறையை ஏற்றுக்கொண்டன. பெரியார் வலியுறுத்திய தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் 'லை', 'ணை' என்று எழுதும் இன்றைய வடிவம் அப்படி வந்ததுதான். ஆங்கிலத்துக்கு அப்படி ஓர் ஆணையிடும் அமைப்பு எந்த நாட்டிலும் இருந்ததில்லை. ஆகவே நீங்கள் முதலில் கற்ற இரண்டு மொழிகளும் 'எழுத்தை நம்பு' என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. மூன்றாவது மொழி வந்து 'நம்பாதே' என்கிறது. போதாக்குறைக்கு, அதே 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சொல்கிறது. மருந்துக்கடையின் பலகையில் மலாய்ப் பெயர் எஃப் எழுத்தில் தொடங்கும், அதன் ஆங்கிலப் பெயர் பி, எச் என்று தொடங்கும். மிதிவண்டியை மலாயில் எழுதப் பழகிய கை, ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்த வழியிலேயே ஓடும். தமிழ்நாட்டில் படித்த ஒருவருக்கு இந்தக் குறிப்பிட்ட தொல்லை இல்லை, ஏனென்றால் அவருக்கு ரோமன் எழுத்து என்றாலே ஆங்கிலம்தான்.

இது தமிழரின் குறை அன்று என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஐரோப்பாவில் 13 எழுத்துமுறைகளில் படிக்கத் தொடங்கிய குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. அதில் மிக மெதுவாக முன்னேறியவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே. மற்றப் பெரும்பாலான மொழிக் குழந்தைகள் ஓராண்டில் எட்டிய அடிப்படை வாசிப்புக்கு அவர்களுக்கு இருமடங்குக்கும் மேல் காலம் தேவைப்பட்டது. என் அனுபவத்தில் கண்ட ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். எழுத்தும் ஒலியும் ஒட்டாத சொற்கள் பெரும்பாலும் அன்றாடச் சொற்களாகவே இருக்கின்றன. 'ஒன்', 'டூ', 'செட்', 'டஸ்', 'கம்' ஆகியவை முதல் மாதத்திலேயே வந்து மிரட்டும். நீளமான சொற்கள் பின்னால் வரும்போது ஓரளவு ஒழுங்காகவே நடந்துகொள்ளும். வாசலிலேயே நாய் கட்டியிருக்கும் வீடு அது. பலர் உள்ளே வராமலே திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்தது ஒலி. நம் க எழுத்து 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது, ஆனால் நமக்கு அது ஒரே எழுத்து. ஒலியை இடம் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அதே வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். குண்டூசியையும் குப்பைத்தொட்டியையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' ஆகிவிடுவதே இதற்குச் சாட்சி. ஆனால் இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. மலாயில் காலைநேரத்தைக் குறிக்கும் சொல்லையும் 'கொடு' என்று பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாகி'தான். நீங்களோ அவற்றை ஒருநாளும் மாற்றிச் சொல்லமாட்டீர்கள். மலாய் உங்கள் காதை அந்த அளவுக்குத் திருத்திவிட்டது.

உண்மையான சிக்கல் சொல்லின் முடிவில் இருக்கிறது. தமிழ் இலக்கணப்படி வல்லினமெய் எதுவும் சொல்லுக்கு இறுதியில் நிற்காது. அதனால்தான் நாம் 'பஸ்ஸு', 'பேங்க்கு' என்று ஓர் உகரத்தை ஒட்டவைத்துக்கொள்கிறோம். மலாய் வேறு வழியைப் பிடிக்கிறது. சொல்லின் இறுதி மெய்யை வாய்க்குள்ளேயே அடக்கிவிடுகிறது. ஆக, ஒரு மொழி வாலை நீட்டுகிறது, இன்னொரு மொழி வாலை விழுங்குகிறது. ஆங்கிலமோ தன் இலக்கணத்தின் பெரும்பகுதியை அந்த வாலில்தான் கட்டிவைத்திருக்கிறது. நேற்று நடந்ததா இன்று நடப்பதா, ஒன்றா பலவா, யாருடையது என்பவை எல்லாம் கடைசியில் வரும் ஒரு சிறு ட், ட்ஸ், ஸ் ஒலியில் அடங்கிவிடுகின்றன. எழுத்துத்தேர்வில் இறந்தகாலத்தைச் சரியாகப் போடும் மாணவர்கள் பேசும்போது அதை விட்டுவிடுவதைப் பல ஆண்டுகள் கவனக்குறைவு என்று எண்ணி நான் கண்டித்திருக்கிறேன். அது இலக்கணத் தவறன்று, நாக்கின் பழக்கம் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. அன்று கண்டித்ததற்கு இன்று வருத்தமும் உண்டு.

இன்னொன்று அழுத்தம். உங்கள் பிரிவின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பராமரி என்னும் வினைக்கு 'மெயின்டெயின்', அழுத்தம் இரண்டாம் அசையில். பராமரிப்பு என்னும் பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிடும், இரண்டாம் அசை சுருங்கி 'மெயின்டனன்ஸ்' ஆகிவிடும், எழுத்தும் மாறிவிடும். நம்மவர்கள் எல்லா அசைகளுக்கும் சமநீதி வழங்கி 'மெயின்டைனன்ஸ்' என்பார்கள். நம் நாட்டுக்குள் யாருக்கும் அது புரியாமல் போவதில்லை. ஆனால் காதால் கேட்கும்போது சிக்கல் வரும்: வெளிநாட்டு மேலாளர் அசைகளை விழுங்கிப் பேசும்போது, தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகிவிடும். உயிரொலி குறுகுவது நமக்கு முற்றிலும் புதிதன்று. 'நாடு', 'பட்டு' என்பவற்றின் இறுதி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தமிழில் அது குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நிகழும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத எந்த அசையிலும் நிகழக்கூடும். இதை நான் வகுப்பில் குற்றியலுகரத்தைக் காட்டியே தொடங்குவேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இலக்கணத்தில் மிகச் சிறிய சொல்லே மிகப் பெரிய தலைவலி. 'தி' என்பதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதைப் பத்தாண்டு படித்தவர்களும் தவறவிடுகிறார்கள். தமிழிலும் அப்படி ஒரு சொல் இல்லை, மலாயிலும் இல்லை. ஆனால் அந்தக் கருத்து நமக்கு இல்லாமல் இல்லை. 'புத்தகம் படித்தேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தைப் படித்தேன்' என்றால் கேட்பவருக்கும் தெரிந்த ஒரு குறிப்பிட்ட புத்தகம். அஃறிணைப் பெயரில் ஐ உருபு ஏறும்போது நாம் செய்வதும், ஆங்கிலேயர் 'தி' போடும்போது செய்வதும் ஏறக்குறைய ஒரே வேலை. எழுவாயில் ஐ வராது என்பதால் இந்த உபாயம் பாதி வழிதான் கொண்டுபோகும். ஆறுகளுக்கும் கடல்களுக்கும் 'தி' வரும், ஏரிகளுக்குப் பெரும்பாலும் வராது என்பது போன்றவற்றுக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். மனப்பாடம் செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

காலங்களைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு மட்டும். காலையில் கதவைத் திறக்கிறோம், முற்றம் நனைந்திருக்கிறது. 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பெய்ததை நாம் பார்க்கவில்லை, ஈரத்தை வைத்து ஊகிக்கிறோம் என்பதும் அந்த வினைமுற்றிலேயே அடங்கியிருக்கிறது. மிக நுட்பமான பயன்பாடு. அதை அப்படியே ஆங்கிலத்தில் 'ஹேஸ் ரெயின்ட்' என்று சொல்லி, 'லாஸ்ட் நைட்' என்றும் சேர்த்தால் தவறாகிவிடும். முடிந்துபோன நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த வினைவடிவம் அங்கே நிற்காது. 'கார் வைத்திருக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் ஹேவிங்' என்று நாம் சொல்வதும் இத்தகைய நேர்ப்பெயர்ப்புதான். வினையைக் காலத்துக்கு ஏற்பத் திரிக்காத மலாய் இங்கே நமக்கு உதவிக்கு வராது. தமிழ் உதவிக்கு வந்து, சற்று அளவுக்கு மீறியே உதவிவிடுகிறது.

தொழிற்சாலையில் வேலை செய்பவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 'நீ இயந்திரத்தை நிறுத்தவில்லையா?' என்று தமிழில் கேட்டால், நிறுத்தாதவர் 'ஆமாம், நிறுத்தவில்லை' என்பார். கேட்டவரின் கூற்றை ஒப்புக்கொள்வது நம் முறை. ஆங்கிலத்தில் நிறுத்தாதவர் 'நோ' என்று சொல்ல வேண்டும். அவர்கள் பார்ப்பது கூற்றை அன்று, நடந்ததை. நாம் வெறுமனே 'எஸ்' என்று சொல்லிவிட்டால், இயந்திரம் நின்றுவிட்டதாகவே ஐரோப்பிய மேலாளர் எடுத்துக்கொள்வார். இத்தகைய ஒரு 'எஸ்' காரணமாக வேலையிடத்தில் கடிதம் வாங்கியவர் என் வகுப்பில் இருந்தார். பொய் சொன்னதாக அவர்மீது குற்றச்சாட்டு. அவர் சொன்னதோ முழு உண்மை. எதிர்மறைக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். 'நோ, ஐ டிடின்ட்' என்று வினையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் வம்பு இல்லை.

வினையோடு 'அப்', 'இன்', 'அவே' ஒட்டிக்கொண்டு பொருளே மாறிப்போகிறது என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம்? 'காட்டு' என்பதற்கும் 'காட்டிக்கொடு' என்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு வெள்ளைக்காரரிடம் விளக்கிப் பாருங்கள். சொல்வளத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதால் பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. மாட்டுக்கு ஒரு பெயர், அதன் இறைச்சிக்கு வேறு பெயர் என்பதெல்லாம் அதன் விளைவு. எளிய உரைகளில் பத்தில் எட்டுச் சொற்கள் முதல் 2000 சொற்களுக்குள் அடங்கிவிடும் என்பதால், தொடக்கத்தில் இது ஒரு தடையே அன்று. (நம் ஊர்க் கடைகளில் 'மட்டன்' என்று கேட்டால் ஆட்டிறைச்சி கிடைக்கும், பாடப்புத்தகத்தில் அது செம்மறியின் இறைச்சி, அதற்காக யாரும் பட்டினி கிடந்ததில்லை.)

இனி, உறுதி குறைந்த பகுதிக்கு வருகிறேன். நம் நாட்டின் ஆங்கிலப்பள்ளிகள் 1970 தொடங்கிப் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அறிவித்து, பின்னர் படிப்படியாக மாற்றினார்கள். நீங்கள் முதலாம் படிவத்தில் நுழைந்தது அந்தத் தொடக்க ஆண்டிலேயே. அறிவியலை ஆங்கிலத்தில் படித்துமா எனக்கு வரவில்லை என்று நீங்கள் உங்களையே குறைசொல்லக்கூடும். நான் அந்த வகுப்புகளை அருகில் இருந்து பார்த்தேன். நான் பார்த்த பள்ளிகளில் பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது, விளக்கம் மலாயில் நடந்தது, மாணவர்கள் வாய்திறந்து பேசிய ஆங்கிலம் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்கூட இராது. அந்தக் கொள்கை தோற்றது மொழியாலா, ஆயத்தக் குறைவாலா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என் பள்ளிகளைக் கொண்டு நாட்டுக்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் தோல்வி என்று நீங்கள் எண்ணுவதில் உங்கள் பங்கு மிகச் சிறியது என்பதை மட்டும் சொல்வேன்.

நாக்கு ஒட்டிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். மொழி கற்கும் திறனில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பது உண்மை. ஆனால் இரண்டு மொழிகளில் சரளமாக எழுதவும் பேசவும் செய்கிறவருக்கு அந்தத் திறன் இல்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. வயதாகிவிட்டது என்பதும் அரை உண்மை. உச்சரிப்பில் குழந்தைகள் முந்துவார்கள் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. வகுப்பறையில் இலக்கணத்தையும் சொற்களையும் தொடக்கத்தில் விரைந்து பிடிப்பவர்களோ பெரியவர்கள்தான். உங்கள் தடை பெரும்பாலும் கூச்சம் என்றே தோன்றுகிறது. உங்களை நேரில் பார்க்காமல் இதற்குமேல் சொல்லக்கூடாது. நம்மிடையே ஆங்கிலம் பேசுவது அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. மலாயில் தவறிழைத்தால் யாரும் சிரிப்பதில்லை, ஆங்கிலத்தில் தவறிழைத்தால் நம் ஆட்களே முதலில் சிரிக்கிறார்கள். கோப்பிக்கடையில் 'லா' போட்டுப் பேசும் ஆங்கிலத்தை இழிவாக நினைக்காதீர்கள். அதில் தயக்கமின்றிப் பேசுகிறவருக்கு முறையான நடையைப் பிறகு சொல்லிக்கொடுப்பது, வாயே திறக்காதவருக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட எனக்கு எப்போதும் எளிதாக இருந்திருக்கிறது. நாள்தோறும் உங்கள் இயந்திரத்தின் அருகில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு அறிவிப்பில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, சொற்களின் கடைசி ஒலியை விழுங்காமல், மூன்றுமுறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சத்தம் நிறைந்த இடம்தானே, ஒருவர் காதிலும் விழாது.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். தாய்மொழியில் நன்றாகப் படிக்கக் கற்ற குழந்தை அந்தப் படிக்கும் திறனை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்லும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தமிழ்ப்பள்ளி ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்பதற்கு நான் அறிந்த சான்று எதுவும் இல்லை. குறிப்பிட்ட ஒரு பள்ளியில் ஆங்கிலம் எப்படி நடக்கிறது என்பது அந்தப் பள்ளியைப் பொறுத்தது, அதை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் காலத்தில் மூன்றாம் ஆண்டில்தான் ஆங்கிலம் தொடங்கியது. இப்போது முதலாம் ஆண்டிலேயே உண்டு. பார்க்கப் போகும்போது ஆங்கில ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எழுத்துகளின் பெயரை முதலில் கற்பிக்கிறாரா, ஒலியையா? தமிழில் இந்தக் கேள்வியே எழாது, 'ம' என்னும் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் சி, ஏ, டி என்று பெயர்களைச் சொல்லிக் கூட்டினால் பூனை வராது. க், ஏ, ட் என்று ஒலிகளைச் சொல்லிக் கூட்டினால்தான் வரும். ஆசிரியர் ஒலியிலிருந்து தொடங்குகிறார் என்றால் வீட்டிலும் நீங்கள் அப்படியே செய்யுங்கள். பெயரிலிருந்து தொடங்குகிறார் என்றால், அவரைத் திருத்தப் போகாமல், இரவில் பத்து நிமிடம் ஒலிகளை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்களுக்கும் சில ஒலிகள் திருந்தக்கூடும்.